மூடுபனியும் ஒளியிணைப்புகளும்

இழையின்றி ஒளியால் செய்தியனுப்புதல் புதிய கருத்தன்று. 1880-ஆம் ஆண்டிலேயே கிரகாம் பெல் சூரிய ஒளியின் துணைகொண்டு பேச்சொலியை 213 மீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டினார். 2021-இல் காங்கோ ஆற்றுக்குக் குறுக்கே பிராசவில், கின்ஷாசா ஆகிய இரு நகரங்களும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள லேசர் கற்றையால் இணைக்கப்பட்டன. அத்தகைய நெடிய இணைப்பைக் குளிர்காலத் தில்லியில் அமைப்பவர் விடியற்காலையில் ஏமாற்றமே அடைவார். மூடுபனியே அதற்குக் காரணம்.

மூடுபனியில் ஒளி நலியும் அளவை ஒருவாறு கணிக்க எளிய வழி உண்டு. 17 என்னும் எண்ணைக் கிலோமீட்டரில் அளந்த காணுதூரத்தால் வகுத்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரும் இழப்பு டெசிபெலில் கிடைக்கும். காணுதூரம் 200 மீட்டராயின் இழப்பு 85 டெசிபெல். இனி, 900 மீட்டர் இடைவெளியுள்ள இரு கூரைகளைக் கொள்வோம். கருவிகள் 30 டெசிபெல் இழப்பு வரை தாங்குமெனக் கொண்டால், நேரிணைப்புக்கு நேரும் இழப்பு 76.5, ஆகவே அது அறுந்துபோகும். இடையிலுள்ள இரு கூரைகளில் அஞ்சல் கருவிகளை நிறுவி, 300 மீட்டர் கொண்ட மூன்று இணைப்புகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் இழப்பும் 25.5 மட்டுமே, செய்தி தடையின்றிச் செல்லும். ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்.

ஆயின் எக்காலத்தும் குறுகிய இணைப்புகளே நன்றென்று துணிதல் கூடாது. ஒவ்வொரு கருவியும் பழுதுறலாம். கட்டடம் அசைந்து கற்றை விலகலாம். வானம் தெளிந்திருக்கும்போது நேர்வழியே சிறந்தது. எனவே ஒவ்வொரு இணைப்புக்கும் அன்றைய நிலைக்கேற்ப ஒரு மதிப்பு இட வேண்டும். இணைப்புகள் ஒன்றையொன்று சாராமல் பழுதுறுமாயின், வழி முழுதும் இயங்கும் வாய்ப்பு அவற்றின் வாய்ப்புகளின் பெருக்கமாகும். மடக்கை எடுத்து எதிர்க்குறி இட்டால் பெருக்கல் கூட்டலாக மாறும். அப்போது 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறும்பாதை முறை அப்படியே பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூடுபனி ஒரு வட்டாரம் முழுவதையும் ஒருங்கே கவிவது. அந்நேரத்தில் "ஒன்றையொன்று சாராமல்" என்னும் கொள்கை நில்லாது. மாற்றுவழியும் அதே பனிக்குள் அதே நீளத்தில் செல்லுமாயின் அதனால் பயனில்லை. மாற்றாக நுண்ணலை வானொலி இணைப்பு ஒன்றை வைத்திருத்தல் தக்கது. அதனைப் பெருமழை நலிவிக்கும், மூடுபனி பெரிதும் தீண்டாது.

களப்பணியாளர் விமானநிலையத்துக் காணுதூரத்தை மட்டும் நம்பலாகாது. ஆற்றங்கரைக் கூரையின் நிலை அதனின்று பெரிதும் வேறுபடக்கூடும். விடியற்காலையில் ஒவ்வொரு கூரையிலும் பெறப்படும் ஒளியின் அளவைக் குறித்துவைத்தல் வேண்டும். இணைப்பின் மதிப்பை அக்குறிப்பினின்றே பெறலாம்.