கோழிகளுக்கு முளைப்பயிர்த் தீவனம்

பங்குனி முதல் ஆனி வரையிலுள்ள மாதங்களில் நமது மானாவாரிக் கிராமங்களில் பசும்புல் அரிதாகிவிடுகின்றது. மாடுகளுக்கேனும் வைக்கோல் உண்டு. புழைக்கடையில் மேயும் கோழிகளுக்கோ கொத்தித் தின்ன ஒரு பச்சிலையும் அகப்படுவதில்லை. அக்காலத்தில் முட்டையின் மஞ்சட்கரு வெளிறியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இலைப் பசுமையோடு கலந்துள்ள கரோட்டின் என்னும் பொருளிலிருந்தே கோழி வைட்டமின் ஏ சத்தைத் தன் உடலில் உண்டாக்கிக் கொள்கின்றது. இச்சத்து நெடுநாள் குறையுமாயின், கண்களில் நீர் வடிந்து இமை வீங்குதலும், முட்டை குறைதலும், பொரிக்கும் குஞ்சுகள் நலிவுறுதலும் நேரும்.

இக்குறையை நீக்குவதற்குரிய உபாயங்களுள் ஒன்று தானியத்தை முளைக்கவைத்துப் பசும்பயிராக ஊட்டுவதாம். பனி மூடிய மாதங்களில் பச்சை கிடையாத ஐரோப்பா, அமெரிக்கா முதலிய தேசங்களில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோழி வளர்ப்போர் ஓட்ஸ் தானியத்தை முளைக்கவைத்து ஊட்டிவந்தனர். நம் நாட்டுப் பெண்டிருக்கும் இவ்வேலை புதிதன்று. மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் கைகளே இதற்கும் போதும். ஆயினும் ஒரு பேதம் உண்டு. முளைப்பாரியை இருட்டில் வைப்பதால் அது மஞ்சளாய் வளர்கின்றது. கோழிக்குரிய பயிரோ வெளிச்சத்தில் பசுமை ஏறியதாயிருத்தல் வேண்டும். வெளிறிய முளையில் கரோட்டின் சொற்பமே.

முதலில் அறியவேண்டிய கணக்கு

ஒரு கிலோ தானியம் ஒரு வாரத்தில் 5 கிலோ பசும்பயிராகின்றது என்று கேட்டவுடன், தீவனம் ஐந்து மடங்கு பெருகிவிட்டதாகச் சிலர் மகிழ்வர். இஃது பெரும் பிழை. உலர்ந்த தானியத்தில் 100-க்குச் சுமார் 12 பங்கு நீர். முளைப்பயிரில் 100-க்குச் சுமார் 85 பங்கு நீர். ஆகவே ஒரு கிலோ தானியத்திலிருந்த 880 கிராம் உலர்பொருள், 5 கிலோ பயிரில் 750 கிராமாகக் குறைந்திருக்கும். எஞ்சியது முளை சுவாசிப்பதில் செலவாகிவிட்டது. பெருகியது நீரேயன்றித் தீனியன்று.

தானியத்தை நிறுத்திவிட்டு முளைப்பயிரால் இரைப்பையை நிரப்பினால், கோழிக்கு வேண்டிய மாவுச்சத்தும் புரதமும் கிட்டாமல் முட்டை குறைந்துபோகும். எனவே வழக்கமான தீனியை வழக்கம்போல் கொடுத்து, முளைப்பயிரைக் கீரையின் ஸ்தானத்தில் மட்டும் வைத்தல் வேண்டும். கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். 20 கோழிகளுக்கு 500 கிராம். அதற்குத் தினந்தோறும் 100 கிராம் தானியம் ஊறவைத்தால் சரியாகும்.

முருங்கைக்கீரை, குதிரைமசால், வேலிமசால் இவற்றுள் ஒன்று கோடையிலும் கிடைக்கும் வீட்டார், இவ்வேலையைச் செய்யாமலே இருக்கலாம்.

தானியத் தேர்வு

கம்பு, மக்காச்சோளம், கோதுமை ஆகியவை தக்கவை. சோளத்தை எக்காரணத்தாலும் முளைப்பயிராக வளர்த்து ஊட்டலாகாது. கோடை வறட்சியில் குருத்துச் சோளத்தை மேய்ந்த மாடு வீழ்ந்து மடிவதைக் குடியானவர்கள் அறிவர். அதே ஹைட்ரோசயனிக் விஷத்துக்குக் காரணமான பொருள் சோள முளையிலும் உண்டாகின்றது. உலர்ந்த சோளத் தானியத்தைத் தீனியில் சேர்ப்பதற்கு இத்தடை இல்லை.

விதைக்கென்று பூசண மருந்து கலந்து, சிவப்பு முதலிய சாயம் ஏற்றி விற்கப்படும் விதையையும் உபயோகிக்கலாகாது. விதைப்புக்குப்பின் மிஞ்சிய விதையை வீணாக்க மனமின்றிக் கோழிக்கு இடுவது ஆபத்தாகும். அவ்விதையைக் கழுவினாலும் மருந்து முற்றிலும் நீங்காது.

வளர்க்கும் முறை

1. பதர், உடைந்த மணி, வண்டு துளைத்த மணி இவற்றைப் புடைத்து நீக்குக. முளைக்காத மணியே பூசணத்துக்கு முதல் இரையாகும்.

2. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அதில் தானியத்தை அரைமணி நேரம் வைத்து, நல்ல நீரில் மூன்று முறை அலசுக.

3. நல்ல நீரில் 12 மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஈரச் சாக்கில் ஒருநாள் மூட்டையாகக் கட்டி வைக்கவும்.

4. அடியில் துளையிட்ட, ஒரு சாண் சதுரமுள்ள தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்புக. கனமாகப் பரப்பினால் நடுவில் சூடேறி அழுகும்.

5. வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் வைத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை நீர் தெளிக்கவும். நீர் தேங்கலாகாது.

6. தட்டில் ஆறாம் நாள் பயிரை வேரோடு எடுத்து, விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, நடுப்பகலில் கொடுக்கவும். நறுக்காவிடில் பின்னிய வேர்கள் இரைப்பையில் அடைத்துக்கொள்ளக்கூடும். கூண்டிலேயே அடைத்துவைக்கும் கோழிகளுக்குச் சிறுகற்களும் வைத்தல் அவசியம்.

இதற்கு ஏழு தட்டுகள் வேண்டும். ஆறில் பயிர் இருக்க, ஏழாவது கழுவப்பட்டு வெயிலில் காய வேண்டும்.

பூசணம்

இம்முறையில் உள்ள பெரிய அபாயம் பூசணமே. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று பின்னர் தெரிந்தது. அப்பூசணத்தின் விஷமே அஃப்ளடாக்ஸின் எனப்படுவது. வேறொரு பூசணத்தின் தூளைச் சுவாசிக்கும் இளங்குஞ்சுகள் நுரையீரல் நோயால் வாய் திறந்து மூச்சுவாங்கி இறக்கின்றன.

வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் தோன்றும் வேர்த்தூவியைப் பூசணமென்று மயங்கலாகாது. வேர்த்தூவி வெண்மையாய் ஒவ்வொரு வேரையும் சுற்றியிருந்து, நீர் தெளித்ததும் படிந்துவிடும். பூசணமோ மணிக்கு மணி சிலந்திவலைபோல் படர்ந்து, சாம்பல், பச்சை அல்லது கருநிறம் கொள்ளும். புளித்த வாடையோ வழவழப்போ காணினும் அத்தட்டு முழுவதும் கெட்டதே. கெட்ட பகுதியை மட்டும் நீக்கி மீதியை ஊட்டுவோமென்று எண்ணவேண்டாம், மாட்டுக்கும் இடவேண்டாம், குழியில் புதைத்துவிடுக. கத்திரி வெயில் நாட்களில் தினமும் ஒவ்வொரு தட்டையும் நேரிற் பார்த்தல் அவசியம்.

கிராமங்களில் புழைக்கடைக் கோழி பெரும்பாலும் பெண்களின் கைமுதல். நூறு கிராம் தானியத்தை மிச்சப்படுத்த எண்ணி இருபது கோழிகளை இழப்பது அக்குடும்பத்துக்குச் சிறு நஷ்டமன்று. ஆகையால் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் ஊரில் ஒரு வீட்டில் இம்முறையைச் செய்து காட்டுவதோடு, சோளமும் மருந்திட்ட விதையும் ஆகாதென்பதை யாவரும் அறியச் சொல்லிவைப்பார்களாயின் மிகுந்த நன்மை உண்டாகும்.