ஐடில்ல மட்டும் ஏன் நடுங்குது?

சிக்னல்ல நிக்கும்போது ஸ்டியரிங் லேசா நடுங்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சரியாயிடும். ரோட்டுல ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. எங்க வீட்டு 1997 மாடல், கார்ப்ரேட்டர் வச்ச மாருதி 800-க்கு ஆறு மாசமா இதுதான் வியாதி. பார்த்த மெக்கானிக் ஒருத்தர் ஸ்லோ ஸ்க்ரூவை ஏத்திவிட்டார், ரெண்டு வாரம் தாங்கியது. மறுபடி போனப்ப, "போர் தேஞ்சிருச்சு தம்பி, எஞ்சின் இறக்கணும்" என்றார். அந்தச் செலவுக்கு வண்டியையே கொடுத்துடலாம்னு அப்பா முடிவுக்கு வந்துட்டார். செமஸ்டர் லீவு பத்து நாள் இருந்தது. அதற்குள்ள கண்டுபிடிச்சுக் காட்டுறேன்னு வாங்கிய அவகாசத்தில் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு விஷயம். 796 சிசி, 3 சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நடு பிஸ்டனுக்கு இரு பக்கமும் இருக்கிற பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் மேலே வருவதில்லை. அதனால் எஞ்சின் முன்னும் பின்னுமாக ஊசலாடும். மவுண்டிங் ரப்பர் இறுகிப் போனால் இந்த ஆட்டம் அப்படியே பாடிக்கு வந்துவிடும். ஆக, ஆட்டம் மட்டும் இருக்கிறதா, இல்லை உண்மையிலேயே மிஸ்ஸிங் அடிக்குதா என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்க. 900 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் வினாடிக்கு 22.5 முறை வெடிக்கும், அது கைக்கு ஒரே சீரான ஊதலாகத் தெரியும். ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறினால் வினாடிக்கு 7.5 முறை இடைவெளி விழும். "புஸ் புஸ்... புஸ் புஸ்..." என்று தாளம் மாதிரி வரும். ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது விட்டுவிட்டு வந்தால் கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கலாம்: கார்ப்ரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர். எங்க வண்டியில் தாளம் தெளிவா இருந்தது.

எந்த சிலிண்டர்? எஞ்சினை ஆஃப் பண்ணி ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு உபரி பிளக்கை மாட்டி, அந்த பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யணும். ஓடும்போது கையால் வயரைப் பிடுங்கும் வீரம் வேண்டாம், அதில் இருப்பது பல ஆயிரம் வோல்ட். கேடலிடிக் கன்வர்ட்டர் இருக்கிற வண்டியில் சில வினாடிக்கு மேல் இப்படி ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். ஒன்றையும் இரண்டையும் துண்டித்தபோது எஞ்சின் தள்ளாடி நிற்கப் போனது. மூன்றாவதைத் துண்டித்தபோது பெரிய மாற்றமே இல்லை. அப்போ சோம்பேறி மூணாவது ஆள்.

இங்கதான் நான் ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணியிருந்தேன். இந்த டெஸ்ட்டுக்கு முன்னாடியே புது பிளக் செட் வாங்கிப் போட்டாச்சு, காசு போச்சு, பலன் இல்லை. வாங்காமலே தெரிந்துகொண்டிருக்கலாம்: மூன்றாவதன் பிளக்கையும் வயரையும் ஒன்றாவதோடு மாற்றிப் போட்டால் போதும். கோளாறு கூடவே இடம் மாறினால் பிளக்கோ வயரோதான் காரணம். மாறவில்லை.

அடுத்து மெக்கானிக் சொன்ன போர். கம்ப்ரெஷன் கேஜ் இரவல் வாங்கினோம். எஞ்சின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, இக்னிஷன் காயிலைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கணும். மிதிக்க மறந்தால் காற்று உள்ளே போகாது, ரீடிங் பொய் சொல்லும். எங்களுக்கு வந்தது 11, 11, 10.5 கிலோ. சிலிண்டர்களுக்குள் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் ரிங், வால்வு பக்கம் சந்தேகம் போகணும். ஆக போர் தப்பியது. அப்பா முகத்தில் அன்னைக்குத்தான் கொஞ்சம் தெளிவு.

ஸ்பார்க் சரி, கம்ப்ரெஷன் சரி. மிச்சம் இருப்பது கலவை. மூன்று சிலிண்டருக்கும் ஒரே கார்ப்ரேட்டர், ஆனால் ஒன்றில் மட்டும் கலவை கெடுகிறது. அப்படியென்றால் கார்ப்ரேட்டருக்கு அப்புறம் எங்கோ காற்று திருட்டுத்தனமா நுழையணும். ஆக்ஸிலரேட்டர் தொட்டதும் ஏன் சரியாகிறது என்பதற்கும் விடை இங்கேதான்.

ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்போம். இது பாதிக்கும் கீழே, அதனால் ஓட்டையில் நடப்பது சோக்டு ஃப்ளோ, கேஸ் டைனமிக்ஸ் பேப்பரில் நாம மனப்பாடம் பண்ற அதே ஃபார்முலா. 2 மில்லிமீட்டர் ஓட்டைக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர். எஞ்சின் ஐடிலில் இழுக்கும் மொத்தக் காற்றே 100 முதல் 120 லிட்டர்தான். கால் பங்கு காற்று பெட்ரோல் இல்லாமல், அதுவும் பெரும்பாலும் ஒரே சிலிண்டருக்குப் போனால் அது எப்படி எரியும்? 3000 ஆர்பிஎம்மில், ஓரளவு மிதித்து ஓட்டும்போது எஞ்சின் 700 லிட்டர் அளவுக்கு இழுக்கும். ஓட்டை வழியே வருவது அதே 30-ஐத் தாண்டாது. நாலு சதவீதம், யாருக்கும் தெரியாது.

மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை மெல்ல அடித்தோம். பலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எனக்குத் தைரியம் வரலை. வயர், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நீர் படாமல் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது சிலிண்டர் மூலையில் பட்டதும் "ஸ்ஸ்" என்று நீரை உறிஞ்சி, ரெண்டு மூணு வினாடி எஞ்சின் அமைதியாச்சு. அப்புறம் மறுபடி நடுக்கம். மறுபடி அடிச்சோம், மறுபடி அமைதி.

மேனிஃபோல்டு பேக்கிங் அந்த மூலையில் கருகிப் பிளந்திருந்தது. புதுசு போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டைட் செய்ததும் ஐடில் எகிறியது. ஸ்லோ ஸ்க்ரூவை ஏத்தி வைத்திருந்தார்களே, அதைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். இப்பவும் சிக்னலில் லேசா ஒரு ஆட்டம் உண்டு. அது 3 சிலிண்டரோட பிறவிக் குணம்.