புதிதாக வரும் சென்செய்களுக்கு

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாகப் படிக்க 2006-இல் வழி திறந்தது. அதன்பின் ஜப்பானிய மொழி ஆசிரியர் வேலைக்கு வரும் இளையவர்கள் பலர் நன்றாக மொழி கற்றவர்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குள் நுழையப் போகும் உங்களுக்காக இவற்றை எழுதுகிறேன்.

1. காதிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்தில் எழுத்து வேண்டாம். கேட்கட்டும், சொல்லட்டும், கை தட்டட்டும். ஜப்பானிய மொழியின் தாளம் மாத்திரைக் கணக்கில் நடக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படித்ததுதான். 'ஒபஸன்' என்றால் அத்தை. நடுவில் நெடிலாக்கி 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் தடுமாறும் இந்த இடத்தை நம் பிள்ளைகள் எளிதில் தாண்டுவார்கள். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அங்கே சொல்லிறுதி 'ன்'-னும் இரட்டிப்பில் வரும் ஒற்றும் முழு மாத்திரை பெறும். 'நிஹொன்' என்பதற்கு மூன்று முறை கை தட்ட வேண்டும்.

2. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்க விடாதீர்கள். 'தந்தை' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முதல் தகரம் ஓர் ஒலி, இரண்டாவது வேறொலி. நாம் இடம் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்கிறோம். ஜப்பானிய மொழியில் அந்த மாற்றம் பொருளையே மாற்றும். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லையும், படிப்பை நடுவில் விடுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தைகக்கு' என்றே நிற்கும். 'வந்து' என்பதும் 'தபால்தலை' என்பதும் 'கித்தெ' ஆகிவிடும். நோட்டுப் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிய அந்தக் குறிப்பு, பிள்ளையின் நாக்கில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஹிரகானா வரும்வரை காதை நம்பச் சொல்லுங்கள்.

3. ஹிரகானாவை வரிசையாகக் கற்பியுங்கள். அடிப்படை எழுத்துகள் 46. அ, இ, உ, எ, ஒ என்று உயிர்கள். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைகள். பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்துமுறையைப் பயின்றதன் தடம் இந்த அடுக்கில் இருக்கிறது. ஹகர வரிசை பழங்காலத்தில் பகர ஒலியாக இருந்தது என்று சொன்னால், பிள்ளைகள் தாங்களே க, ச, த, ந, ப, ம என்று ஒப்பித்து மகிழ்வார்கள். எழுதும்போது கோட்டின் வரிசையையும் திசையையும் முதல் நாளிலேயே திருத்துங்கள். பின்னால் திருத்துவது கடினம்.

4. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். நான் சொல்ல வந்தவற்றுள் தலையானது இதுவே. நம் பாடநூல்கள் ஆங்கில விளக்கத்தோடு வருகின்றன. அதனால் நாமும் ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அதைப் பிள்ளையின் மனத்தில் மறுபடி தமிழாக்குகிறோம். தேவையே இல்லை. 'அக்கா வாங்கிய புத்தகத்தை நூலகத்தில் படித்தேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் இதே வரிசையில் ஜப்பானிய மொழியில் சொல்லலாம். வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் வரும். 'வாங்கிய' என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும்.

'தெ' வடிவத்தைக் கற்பிக்கும்போது வினையெச்சத்தை நினைவூட்டுங்கள். 'தபெத்தெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'தபெத்தெ ஒக்கு' என்றால் சாப்பிட்டு வைப்பது. 'தபெத்தெ ஷிமாவு' என்றால் சாப்பிட்டுவிடுவது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் வேண்டும். தமிழில் ஒரு சொல் போதும். 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' வரும்போது இது, உது, அது, எது என்று கரும்பலகையில் எழுதுங்கள். 'உது' யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் இருக்கிறது. 'அகெரு', 'குரெரு' இரண்டும் குழப்பினால், 'அவனுக்குக் கொடுத்தேன், எனக்குத் தந்தான்' என்று சொல்லிக் காட்டுங்கள். 'எனக்கு ஜப்பானிய மொழி புரியும்' என்பதில் மொழிக்கு 'ஐ' உருபு வராததுபோல், 'வகரு' என்ற வினையோடு அங்கேயும் 'ஒ' உருபு வராது. ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை அங்கே தவறும். தமிழில் யோசிக்கும் பிள்ளை தவறாது. வகுப்பில் தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள் இருந்தாலும் கவலை வேண்டாம். அவர்கள் மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது.

5. ஒப்புமையை உறவு என்று சொல்லாதீர்கள். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இதே சொல்லமைப்பு கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும் இருக்கிறது. ஒப்புமை கற்க உதவும் கருவி. அந்த அளவில் அது போதும். பிள்ளைகளுக்குப் பெருமை ஊட்டுவதற்காக நிறுவப்படாததை உண்மை என்று சொல்வது ஆசிரியருக்கு அழகல்ல.

6. தமிழ் கைகொடுக்காத இடங்களில் முன்கூட்டியே எச்சரியுங்கள். மரியாதை இரண்டு மொழிகளிலும் உண்டு. அது நடக்கும் வழி வேறு. வெளியாரிடம் நம் அப்பாவைப் பற்றிப் பேசும்போதும் 'வந்தார்' என்கிறோம். ஜப்பானியர் தம் தந்தையை வெளியாரிடம் 'சிசி' என்று தாழ்த்திச் சொல்வார்கள். பிறர் தந்தைதான் 'ஒதோஸன்'. 'நீங்கள்' என்பதற்கு நேராக 'அனதா' என்று பழக்காதீர்கள். எதிரில் இருப்பவரைப் பெயரோடு 'ஸன்' சேர்த்து அழைப்பதே அங்கே இயல்பு. தமிழில் வினைமுற்றே யார் செய்தது என்று காட்டிவிடும், அங்கே காட்டாது. எழுவாயை விடும்போது கேட்பவருக்குப் புரியுமா என்று பிள்ளைகளை யோசிக்க வையுங்கள்.

7. கான்ஜியில் அவசரம் வேண்டாம். ஜப்பானின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, நாள் முழுதும் அந்த மொழியில் வாழும் பிள்ளைக்கே முதல் வகுப்பில் 80 எழுத்துகள்தாம். வாரத்தில் சில பாடவேளைகளே கிடைக்கும் நம் பிள்ளைகளிடம் அதைவிட அதிகம் கேட்பது நியாயமில்லை.

8. பாடநூலை வயது பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பரவலாகப் பயன்படும் 'மின்னா நோ நிஹொங்கோ' நல்ல நூல். ஆனால் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. நிறுவன ஊழியர் மில்லர்-ஸன் விசிட்டிங் கார்டு நீட்டும் உலகம் ஏழாம் வகுப்புக்கு எட்டாது. ஜப்பான் ஃபவுண்டேஷன் தயாரித்த 'எரின்' காணொளிகள் பள்ளி மாணவி ஒருத்தியைச் சுற்றி நடப்பவை. ஜப்பானில் பிள்ளைகள் தாங்களே வகுப்பறையைப் பெருக்குவதையும், மதிய உணவைப் பரிமாறிக்கொள்வதையும், ஏப்ரலில் புது வகுப்புக்குப் போவதையும் சொல்லுங்கள். தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் பேசத்தான் நம் மாணவர்களுக்கு ஆசை.

9. அனிமே பார்த்து வரும் பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள். அந்த ஆர்வம் நீங்கள் கொடுக்காமலே கிடைத்த வரம். 'ஒரெ', 'ஒமாஎ' போன்ற சொற்களை யார் யாரிடம் சொல்லலாம், ஆசிரியரிடம் ஏன் சொல்லக்கூடாது என்று அதே காட்சியை வைத்துப் பேசுங்கள்.

10. தேர்வுக்காக மட்டும் கற்பிக்காதீர்கள். ஜே.எல்.பி.டி. தேர்வில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். சரியான விடையைக் குறித்தால் போதும். பெற்றோர் என்-5 சான்றிதழ் கேட்பார்கள். அதற்கும் தயார் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு பாடவேளையிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியமாவது சொந்தமாகச் சொல்ல வேண்டும் என்பதை விடாதீர்கள்.

11. நீங்களும் படித்துக்கொண்டே இருங்கள். என்-4 நிலையோடு வகுப்பெடுக்கத் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால், உங்கள் நல்ல மாணவர் இரண்டே ஆண்டில் உங்களைத் தொட்டுவிடுவார். என்-3, என்-2 என்று மேலே போங்கள். அதோடு ஒரு நல்ல தமிழ் இலக்கண நூலையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரெச்சம், வினையெச்சம், வேற்றுமை உருபு ஆகியவற்றைத் தெளிவாக அறிந்த ஆசிரியர் ஜப்பானிய இலக்கணத்தைப் பாதி நேரத்தில் விளக்குவார். உங்கள் பாடத்துக்காகத் தமிழை விட்டுவிடலாமா என்று ஒரு பெற்றோர் கேட்டால், கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். தமிழ் வலுவாக உள்ள பிள்ளைதான் உங்கள் வகுப்பில் வேகமாக வளரும்.