வடதுருவ ஒளி

பிற நாடுகளை நேரிற் கண்டு அறிதலும் கல்வியின் ஒரு கூறே ஆகும். ஏட்டிற் படித்த செய்தி கண்ணெதிரே நிகழும்பொழுது, அதுகாறும் சொல்லாய் நின்றது பொருளாய் விளங்கும். இயற்கைக் காட்சிகளுள் சில, நாம் விரும்பிய பொழுதிற் சென்று காணத்தக்கவை. மலையும் அருவியும் கடலும் அத்தகையன. வேறு சிலவோ, நாம் சென்று காத்திருக்க, தாம் தோன்றும் பொழுதிலே தோன்றுவன. இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது வடதுருவ ஒளி. அதனைக் காண நான் மேற்கொண்ட பயணத்தையும், அப்பயணத்திற் கற்றுக்கொண்டதையும் இங்குக் கூறுவேன்.

என் மகன் நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவிற் பணிபுரிகின்றான். ஒரு டிசம்பர்த் திங்களில் அவனைக் காணச் சென்றபோது, அவனும் நானும் விமானம் ஏறி, வடகோடியில் உள்ள துரோம்சோ நகரை அடைந்தோம். நமது சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13ஆம் பாகையில் உள்ளது. துரோம்சோவோ 69ஆம் பாகையையும் கடந்து நிற்கின்றது. கடலால் சூழப்பட்ட ஒரு தீவின்மீது அந்நகரின் பெரும்பகுதி அமைந்துள்ளது. தெற்கேயிருந்து வரும் வெம்மையான நீரோட்டத்தால், கடுங்குளிர் காலத்திலும் அதன் துறைமுகம் உறைவதில்லை.

அங்கு ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் இறுதியில் மறையும் ஞாயிறு, சனவரியின் நடுப்பகுதியிலேதான் மீண்டும் தலைகாட்டும். ஏழு வாரம் ஞாயிறு எழாத நாடு எவ்வாறு இருக்கும் என்று நான் அஞ்சியதுண்டு. ஆயினும் அங்கு முழு இருள் எந்நேரமும் கவிந்திருப்பதில்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தென்வானம் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்து, நம் ஊர் வைகறைபோல் விளங்குகின்றது. அப்பொழுது சிறுவர் பனியிற் சறுக்கி விளையாடுகின்றனர். மக்கள் கடைத்தெருவுக்குச் செல்கின்றனர். பின்னர் இருள் சூழ்கின்றது. கோடையில் இதற்கு மறுதலையாக, இரண்டு திங்கள் அளவு ஞாயிறு மறைவதே இல்லை. அக்காலத்தில் வானம் இருளாமையின் வடதுருவ ஒளியைக் காண இயலாது. செப்டம்பர் முதல் மார்ச்சு முடிய உள்ள திங்களே அதனைக் காண ஏற்ற காலம்.

முதல் நாள் இரவு, ஐம்பது பேர் ஏறிய பெரிய பேருந்து ஒன்றில் நாங்களும் சென்றோம். நகருக்கு வெளியே கடற்கரையில் ஓரிடத்தில் வண்டி நின்றது. வானத்தை முகில் மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்கி நின்றோம், ஒன்றும் தோன்றவில்லை. பேருந்து எங்களை விடுதியிற் கொண்டுவந்து சேர்த்தது. "இதற்காகவா இத்தனை தொலைவு வந்தோம்!" என்று நான் சலித்துக்கொண்டேன். மகன் ஒன்றும் கூறாமல் மறுநாள் இரவுக்கு வேறோர் ஏற்பாடு செய்தான்.

அது சிறு குழுவாகச் செல்லும் பயணம். பயணியர் எண்மர், அவர்களுக்கு ஒரு சிறு வண்டி, அதனை ஓட்டுபவரே வழிகாட்டி. அவர் அவ்வட்டாரத்து மீன்பிடி ஊர் ஒன்றிற் பிறந்து வளர்ந்த நடுவயதுப் பெண்மணி. புறப்படுமுன் எங்கள் ஒவ்வொருவருக்கும் உடல் முழுதும் மூடும் தடித்த உடையும், கம்பளிக் காலணியும் தந்தார். பின்பு வானிலைப் படத்தை எங்கள்முன் விரித்து, "இன்று கரையோரம் எங்கும் முகில் உள்ளது, மலைகளுக்கு அப்பால் தெளிவு இருக்கலாம். நாம் வானத்தைத் தேடிப் போவோம்" என்றார். பெரிய பேருந்து குறித்த இடத்திற்கே செல்ல வல்லது. சிறிய வண்டியோ முகில் விலகிய இடத்தை நாடி எவ்வழியும் திரும்பும். சாலையோரத்துச் சிற்றிடத்திலும் நிற்கும். குழு சிறிதாயின் விளக்கும் குறைவு, அரவமும் குறைவு. ஒவ்வொருவரையும் வழிகாட்டி கவனிக்கவும் முடியும். இவ்வேறுபாட்டை அன்று நன்கு உணர்ந்தேன்.

பாலத்தைக் கடந்து, கடற்கழிகளின் ஓரமாக உள்நாட்டை நோக்கிச் சென்றோம். வழியில் இருமுறை வண்டியை நிறுத்தி வழிகாட்டி வானத்தை நோக்கினார். இருமுறையும் தலையசைத்துவிட்டு மீண்டும் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற் சென்றபின் ஷிபோட்டன் என்னும் பள்ளத்தாக்கை அடைந்தோம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உயர்ந்த மலைகளில் மோதி, தன் ஈரத்தை அங்கேயே பனியாகச் சொரிந்துவிடுகின்றது. மலைகளின் மறுபுறத்திலுள்ள அப்பள்ளத்தாக்கு ஆதலால் வறண்ட, தெளிந்த வானம் உடையது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தில் மழை குறைந்திருப்பதும் இக்காரணத்தாலன்றோ?

அங்கும் வானத்தின் பாதியை முகில் மறைத்திருந்தது. வழிகாட்டி பனியில் ஒரு குழி தோண்டித் தீ மூட்டி, சூடான குழம்பு தந்தார். கிண்ணத்தைப் பற்றுவதற்காக நான் ஒரு கையுறையைக் கழற்றினேன். சிறிது நேரத்தில் என் விரல்கள் மரத்துப்போயின. அதனைக் கண்ட அவ்வம்மையார் விரைந்து வந்து, "ஐயா, முதலிற் கையுறையை அணிந்துகொள்ளுங்கள். இந்த ஒளியைக் காண வந்து விரல்களை இழந்தவர் ஒருவர் உண்டு" என்றார். நாங்கள் கேட்க, தீயைச் சுற்றி அமர்ந்து அவர் கூறிய வரலாறு இது.

கிறித்தியான் பிர்க்கலாந்து என்பவர் 1867ஆம் ஆண்டில் நார்வேயிற் பிறந்த இயற்பியல் அறிஞர். வடதுருவ ஒளிக்குக் காரணம் ஞாயிற்றிலிருந்து வரும் மின்துகள்களே என்றும், நிலவுலகின் காந்த ஆற்றல் அவற்றைத் துருவங்களின் பக்கம் செலுத்துகின்றது என்றும் அவர் கருதினார். கருத்தை மெய்ப்பிக்க ஒளிக்கு அருகே செல்ல வேண்டும் என்று துணிந்தார். துரோம்சோவுக்குக் கிழக்கே, ஆல்ட்டா என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள ஹால்டே மலையுச்சியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், 1899ஆம் ஆண்டில் கல்லால் ஆய்வுநிலையம் ஒன்றை எழுப்பினார். அதற்கு முன்னர் இடம் தேடிச் சென்ற பயணத்தில், ஹெல்லண்டு ஹான்சன் என்னும் மருத்துவ மாணவர் பனிப்புயலில் அகப்பட்டார். அவருடைய விரல்கள் பல உறைந்து கெட்டன. அவற்றை வெட்டி நீக்க நேர்ந்தது. அறுவை மருத்துவர் ஆக வேண்டும் என்ற அவர் எண்ணம் அன்றோடு முடிந்தது. ஆயினும் அவர் ஊக்கம் குன்றினார் அல்லர்; கடலியலைக் கற்று, அத்துறையில் உலகப் புகழ் பெற்றார். ஹால்டே மலையில் தங்கிய குழுவினருள் ஒருவர் பனிச்சரிவில் உயிரையே இழந்தார்.

பிர்க்கலாந்து ஆய்வைக் கைவிடவில்லை. காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டியுள் காந்தமேற்றிய சிறு உருண்டை ஒன்றை நிலவுலகமாகத் தொங்கவிட்டு, மின்துகள்களை அதன்மேற் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளைச் சுற்றியும் ஒளிவளையங்கள் தோன்றின. எனினும் அக்காலத்து அறிஞர் பலர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. 1917ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயது நிறையுமுன், தோக்கியோ நகரில் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், செயற்கைக்கோள்கள் துருவ வானில் பாயும் மின்னோட்டங்களை அளந்து, அவர் கூற்றின் அடிப்படை சரியானதே எனக் காட்டின. இன்று அம்மின்னோட்டங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இக்கதை முடிந்தபோது நள்ளிரவு நெருங்கியது. ஒளி தோன்றவில்லை. எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர், "இவ்வளவு பணம் கொடுத்து இருளையா பார்ப்பது?" என்றார். முதல் நாள் நான் கூறிய சொல்லே அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டு எனக்கு நாணம் உண்டாயிற்று. வழிகாட்டி சினம் கொள்ளவில்லை. "நீங்கள் கொடுத்த பணம் வண்டிக்கும் உணவுக்கும் என் உழைப்புக்கும் உரியது. ஒளிக்கு விலை இல்லை. அதனை விற்பவரும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போமா?" என்று கேட்டார். விரல்களை இழந்த மாணவரின் வரலாற்றைக் கேட்ட பின், ஒரு மணி நேரம் காத்திருக்க இயலாது என்று சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை.

சிறிது பொழுதில் முகில் விலகிற்று. வடகீழ்த் திசையில், மலைமுகட்டின்மேல், வெண்மையான பட்டை ஒன்று கிடந்தது. அதுவும் முகிலே என்று நான் எண்ணினேன். "முகிலாயின் விண்மீன்களை மறைக்கும், அதனூடே விண்மீன்கள் தெரிகின்றன, பாருங்கள்" என்றார் வழிகாட்டி. அவர் சொல்லி வாய் மூடுமுன் அப்பட்டை பசுமை பூண்டது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிற்று. காற்றில் அசையும் திரைச்சீலைபோல் மடிந்து மடிந்து விரிந்தது. அதன் கீழ்விளிம்பில் செம்மையும் ஊதாவும் தோன்றி மறைந்தன. தலைக்கு நேர்மேலே வந்தபோது, நாற்புறமும் கதிர்கள் சொரியும் முடிபோல் விளங்கியது. பனி படர்ந்த நிலம் முழுதும் பசுமை ஒளியில் நனைந்தது. ஒலி சிறிதும் இல்லை. பத்து நிமிடம் இக்கூத்து நிகழ்ந்திருக்கும். பின்பு திரை மெல்லக் கலைந்து, மங்கிய வெண்மையாகி, மறைந்தது.

பயணியர் சிலர் முக்காலியில் நிறுத்திய கருவிகளாற் படம் எடுத்தனர். கருவி பல விநாடி ஒளியை ஏற்றுத் தொகுப்பதால், கண்ணுக்குத் தோன்றுவதினும் மிகுந்த நிறம் படத்தில் தோன்றும். படங்களைப் பார்த்துவிட்டுச் செல்வோர், மங்கிய ஒளியைக் கண்டு ஏமாறுவதற்கு இதுவே காரணம். குறை கூறிய இளைஞரோ படம் எடுக்க மறந்து, அண்ணாந்தபடியே நின்றார். நானும் அவ்வாறே நின்றேன்.

இவ்வொளி எவ்வாறு உண்டாகின்றது? ஞாயிற்றிலிருந்து மின்துகள்கள் காற்றுப்போல் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. அவை விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் விரைவில் வந்து, சில நாட்களில் நிலவுலகை எட்டுகின்றன. நிலவுலகின் காந்தப் புலம் அரண்போல் நின்று அவற்றைத் தடுக்கின்றது. அம்மோதலாற் பெற்ற ஆற்றல் அப்புலத்திலே திரண்டு, அங்குள்ள மின்துகள்களை முடுக்கிக் காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளில் இறக்குகின்றது. அவை வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உயிர்வளியோடும் நைட்ரசனோடும் மோத, அவ்வணுக்கள் ஒளிர்கின்றன. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் உயிர்வளி பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிரும். நைட்ரசன் நீலமும் ஊதாவும் தரும். தென்துருவத்தைச் சுற்றியும் இத்தகைய ஒளி தோன்றுகின்றது.

அந்நிலத்தின் தொல்குடியினர் தம்மைச் 'சாமி' மக்கள் என்பர். கலைமான் மேய்ப்பது அவர்களிற் பலரது மரபுத்தொழில். ஒளி ஆடும்போது சீழ்க்கை அடித்து அதனை எள்ளலாகாது என்று அவர்தம் முதியோர் சிறுவர்க்குக் கூறிவந்தனர். காரணத்தை அறியாத காலத்தும் இயற்கையை மதித்த பண்பு இதில் விளங்குகின்றது.

இவ்வொளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஹால்டே மலையில் நிலையம் எழுந்த அதே 1899ஆம் ஆண்டில், ஞாயிற்றை ஆராயும் நிலையம் நம் கொடைக்கானலில் நிறுவப்பெற்றது. நூறாண்டுகளுக்கு மேலாக அங்கு ஞாயிற்றின் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்தியா எல்-1 என்னும் விண்கலம், நிலவுலகிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று ஞாயிற்றை நோக்க அனுப்பப்பெற்றது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் சாஜி அம்மையார். 2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவு ஞாயிற்றின் பெருங்கொந்தளிப்பால், லடாக்கின் ஹான்லே வானிலும் செவ்வொளி பதிவாயிற்று.

மாணவர்களே! நாங்கள் ஓர் இரவில், கதகதப்பான உடையுடன், சூடான குழம்பு அருந்திக் கண்ட காட்சி அது. அதன் காரணத்தை அறிவதற்கு ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார். ஒருவர் விரல்களைக் கொடுத்தார். ஒருவர் உயிரையே கொடுத்தார். நாம் எளிதிற் பெறும் அறிவு ஒவ்வொன்றின் பின்னும் இத்தகைய உழைப்பு மறைந்து கிடக்கின்றது. பணம் நம்மை மலையடிவாரம் வரை கொண்டுசெல்லும். அதற்கு மேற் காண்பதற்குப் பொறுமையே துணை. கற்றலும் அவ்வாறே. முகில் விலகும்வரை காத்திருப்பவர்க்கே வானம் தன் ஒளியைக் காட்டும்.

பயிற்சி

1. துரோம்சோ நகரில் குளிர்காலத்துப் பகல் எவ்வாறு இருக்கும்?
2. பெருங்கூட்டமாகச் செல்வதினும் சிறு குழுவாகச் செல்வதால் விளைந்த நன்மைகள் யாவை?
3. பிர்க்கலாந்து தம் கொள்கையை மெய்ப்பிக்கச் செய்த முயற்சிகளைத் தொகுத்து எழுதுக.
4. "ஒளிக்கு விலை இல்லை" - யார், யாரிடம், எப்பொழுது கூறியது? அதன் கருத்தை விளக்குக.