விளையாட்டுப் பேச்சும் ஆங்கிலமும்

மாலை வேளையில் லக்கலப் பகுதியின் மைதானம் ஒன்றின் ஓரத்தில் நின்று கேளுங்கள். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே சொற்களைக் கொண்டு வாதாடுவார்கள்: 'அவுட்', 'நோ போல்', 'கேட்ச்'. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என அரசியலமைப்பில் எழுதியது. மைதானத்தில் அது ஓரளவுக்கு நடைமுறையிலேயே இருக்கிறது.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 'ஹூ வொன்?' என்று கேட்டால், 'வீ வொன்' என்று சொல்லி நின்றுவிடும். மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளைதான். எழுத்துப் பரீட்சையில் புள்ளியும் எடுக்கும். இரண்டாவது வசனம் மட்டும் வராது. சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்பார்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ நகரத்துக்குப் போகும் கிராமத்துப் பிள்ளை அந்த வாளால் வெட்டுப்படுவது இந்த இரண்டாவது வசனத்திலேதான்.

ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் அரைமணி நேரம் கிடைத்தாலும் போதும். பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, முந்திய நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச விடுவோம். 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்விகளைத் தவிர்ப்போம். 'வட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?' என்றால் இறந்தகால வினை வந்தே தீரும். 'வை?' என்றால் 'பிகோஸ்' வரும். 'இஃப் ஹீ ஹேட் கோட் இட்' என்று நாம் தொடங்கி நிறுத்தினால், பிடி தவறாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிள்ளை சொல்லி முடிக்க வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் இது கடினமான பாடம். தோற்ற அணிக்கோ நாவிலேயே நிற்கும் பேச்சு.

பேசும்போது இடைமறித்துத் திருத்த வேண்டாம். பிழைகளைக் குறித்துக்கொண்டு, இறுதியில் இரண்டை மட்டும் எடுப்போம். 'டிட்' சொன்ன பிறகும் 'வென்ட்' என்பது அநேகமாக அவற்றில் ஒன்றாக இருக்கும்.

கிரிக்கெட்டோடு நின்றுவிடவும் கூடாது. 1996 மார்ச் 17 இல் லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107 ஓட்டங்களும், 2010 இல் காலியில் முரளிதரன் வீழ்த்திய 800 ஆவது விக்கெட்டும் பையன்களை உசுப்பும். பெண் பிள்ளைகள் பலர் மௌனமாகிவிடுவார்கள். சுசந்திகா ஜயசிங்கவைப் பற்றிக் கேளுங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டார். 2009 இல் வெள்ளி சுசந்திகாவுக்கு ஆயிற்று. 'வோஸ் இட் ஃபெயர்?' என்றால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து பேசும். ஒன்பது ஆண்டு காத்திருப்பு நீதியா என்பது பெரியவர்களுக்கும் எளிய கேள்வியல்ல.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது எல்லே. வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒருவருக்கு எல்லேயை விளக்கச் சொல்லுங்கள். மூங்கில் தடியால் அடிப்பது, பந்தைத் தன் அணியினரே வீசித் தருவது, ஓடுபவர்மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்வது என ஒவ்வொன்றையும் பிள்ளை தானே சொற்களைத் தேடிச் சொல்ல வேண்டும். பாடநூலில் இதற்கு ஆயத்த விடை கிடையாது. ஆசிரியரைவிடப் பிள்ளைக்கே விஷயம் நன்றாகத் தெரியும்; ஆகவே கேள்வியும் உண்மையான கேள்வியாகிறது.

இயன்ற இடங்களில் ஒரு தமிழ்ப் பிள்ளையையும் ஒரு சிங்களப் பிள்ளையையும் இணையாக்குங்கள். ஒரே தாய்மொழிக்காரர் இருவர் இரண்டு நிமிடத்தில் அதற்குத் திரும்பிவிடுவார்கள்.