போர்ட் மக்மரிக்குப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

உனக்குப் போர்ட் மக்மரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னா. பாதி பெருமை, பாதி பயம். "மைனஸ் நாற்பதாம், காட்டு நெருப்பும் வருமாம்" என்றா. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த ஊருக்குப் போய் நொடித்துப்போன பெடியன்களில் குளிரால் நொடித்தவனை நான் பார்த்ததில்லை.

நீ அனுப்பிய இரண்டு வேலைக் கடிதங்களையும் வாசித்தேன். ஒன்று கட்டுமான ஒப்பந்தக்காரரிடம். மணித்தியாலச் சம்பளம் கூட, ஓவர்டைம் தாராளம். மற்றது எண்ணெய் மணல் சுரங்கத்திலேயே பராமரிப்பு வெல்டர் வேலை, சம்பளம் குறைவு. உனக்கு முதலாவதில்தான் ஆசை என்று தெரிகிறது. நீ இரண்டாவதை எடு. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் ஊரின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

எட்மன்டனிலிருந்து வடக்கே 430 கிலோமீற்றருக்கு மேல் போனால், அத்தபாஸ்கா ஆறும் கிளியர்வாட்டர் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது ஊர். வெயில் நாளில் ஆற்றங்கரை மண்ணிலிருந்து தார் கசியும். கிரீ, டெனே பூர்வகுடி மக்கள் அந்தத் தாரைப் பூசித்தான் தோணிகளின் ஓட்டையை அடைத்தார்கள். ஹட்சன் பே கம்பனி 1870இல் அங்கே ஒரு வணிகக் கோட்டை போட்டது. தோலும் உப்பும் மீனும் என்று ஊர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

தார் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மணலிலிருந்து அதைப் பிரிப்பதுதான் யாருக்கும் முடியவில்லை. பிட்ஸிமன்ஸ் என்றொருவர் ஆற்றோரம் பிட்டுமவுண்ட் என்ற இடத்தில் ஆலை போட்டு, கடனில் மூழ்கி, கடைசியில் அதைக் கைமாற்ற வேண்டியதாயிற்று. கார்ல் கிளார்க் என்ற விஞ்ஞானி 1920களில் சுடுநீரால் பிரிக்கும் முறையைச் சரிப்படுத்தினார். அந்த முறையில் முதல் பெரிய ஆலையை, இன்றைய சன்கோர் கம்பனியின் முன்னோடிக் கம்பனி 1967 செப்டெம்பரில் திறந்தது. கிளார்க் அதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் போய்விட்டார். 1961இல் 1,200 பேர்கூட இல்லாத ஊரில் இருபது வருடத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் சனம். 1978இல் சின்குரூட் கம்பனியின் ஆலை வந்தது, 1980இல் ஊர் நகரமானது. 1995இல் சுற்றுவட்டாரத்தோடு ஒன்றாக்கி அந்தப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். சட்டப்படி போர்ட் மக்மரி இன்று ஒரு நகரமே இல்லை!

இனிக் காசுக்கு வருவோம். மற்ற இடங்களில் குழாயை இறக்கினால் எண்ணெய் ஏறும். போர்ட் மக்மரிச் சுரங்கங்களில் காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, மேல்மண்ணை அகற்றி, ஒரு தடவைக்கு ஏறத்தாழ 400 டொன் சுமக்கும் ட்ரக்கில் மணலை ஏற்றி, சுடுநீரில் கழுவ வேண்டும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு டொன் மணல். புது ஆலை கட்ட ஆயிரம் கோடி டொலர் என்பது சாதாரணம். உலகச் சந்தையில் விலை விழுந்தால் முதலில் நிறுத்துவது அந்தக் கட்டுமானத்தைத்தான். ஆனால் ஓடுகிற ஆலையை இலகுவில் நிறுத்த மாட்டார்கள். குளிரில் நிறுத்தினால் குழாய்கள் உறைந்துவிடும், திரும்ப ஓட்ட எக்கச்சக்கமான செலவு. நட்டத்திலும் ஓட்டுவார்கள். மணல் இரும்பை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும், ஆகவே ஓடும்வரை வெல்டர் வேண்டும். கட்டுகிறவனை விலை வீட்டுக்கு அனுப்பும், திருத்துகிறவனை வைத்திருக்கும்.

இது என் ஊகமல்ல. அல்சான்ட்ஸ் என்ற பெருந்திட்டம் 1982இல் கைவிடப்பட்டது. ஜொஸ்லின் சுரங்கத்தை 2014இல் தள்ளிவைத்தார்கள். அந்த வருட நடுவில் நூறு டொலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே போனது. போர்ட் ஹில்ஸ் சுரங்கம் 2018இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு பெரிய சுரங்கம் ஒன்றும் புதிதாக வரவில்லை. டெக் கம்பனி தன்னுடைய ஃபிரன்டியர் திட்டத்தை 2020 பெப்ரவரியில் விலக்கிக்கொண்டது. உன் ஒப்பந்தக்காரர் எதைக் கட்டப்போகிறார், எத்தனை மாதத்துக்கு என்று கேள். மழுப்பினால் அதுதான் பதில்.

பெரிய ட்ரக் ஓட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினாலும் போகாதே. சாரதியில்லாத ட்ரக் நூற்றைம்பதுக்கு மேல் விடப்போவதாகச் சன்கோர் 2018இலேயே அறிவித்துவிட்டது.

அடுத்தது, உன் செலவுக் கணக்கை அடிப்படைச் சம்பளத்தில் போடு. ஓவர்டைமை வருமானமாக நினையாதே. பூம் காலத்தில் அங்கே ஒரு சாதாரண வீடு 7 லட்சம் டொலரைத் தாண்டியது. என்னோடு அங்கே வேலை செய்த ஒருவர் ஓவர்டைமைக் காட்டிக் கடன் எடுத்தார். வீடு, பிக்கப், பனியில் ஓட ஸ்னோமொபைல், எல்லாம் ஒரே வருடத்தில். ஓவர்டைம் நின்ற மாதம் அவருடைய அடிப்படைச் சம்பளம் வட்டிக்கே காணவில்லை. விற்கலாமென்றால் விலை கடனுக்குக் கீழே போய்விட்டது. இந்தக் கணக்கில் நியூபவுண்ட்லாந்துக்காரரிடம் பாடம் கேள். 1992இல் அவர்களுடைய கொட் மீன்பிடியை அரசாங்கம் மூடியபோது முப்பதாயிரம் பேரளவில் வேலையிழந்தார்கள். அவர்களில் பலர் குடும்பம் குடும்பமாகப் போர்ட் மக்மரிக்கு வந்தார்கள். ஒரு தொழில் ஒரே நாளில் சாவதைப் பார்த்த சனம். ஒரு பியரோடு உட்கார்ந்தால் நிறையச் சொல்வார்கள், பாதியை நம்பலாம்.

பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் லீவு என்று தொழிலாளர் காம்பில் இருப்பாய். அறை சுத்தம், சாப்பாடு தாராளம், ஆளைத் தின்பது தனிமை. காசும் தனிமையும் சேர்கிற இடத்துக்குத் தூள் விற்பவன் தானாகவே வருவான். சைட்டுக்குள் விடமுன் போதைப் பரிசோதனை இருக்கிறது. ஒரு தடவை மாட்டினால் அந்த வட்டாரத்தில் உன் பெயர் போய்விடும். போகமுன் கேட் பீட்டன் எழுதிய 'டக்ஸ்' என்ற சித்திர நூலை வாசி. படிப்புக் கடனைக் கட்ட இந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர். ஆண்கள் நிறைந்த காம்பில் ஒரு பெண் எதைச் சகித்தாள் என்பதை ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். வாசித்தால் அங்கே எப்படி நடக்கக் கூடாது என்று தெரியும். தலைப்பில் உள்ள தாராக்கள், 2008இல் கழிவுக்குளமொன்றில் இறங்கிச் செத்த ஆயிரத்து அறுநூறு.

அந்தக் குளங்கள் ஆற்றோரத்தில் இருக்கின்றன. ஆற்றின் கீழ்ப்பக்கம் போர்ட் சிப்பவையன், அங்கே இருப்பவர்கள் அந்த ஆற்று மீனைச் சாப்பிட்டு வந்த பூர்வகுடிகள், குளத்துக் கழிவு ஆற்றில் சேரும் என்று அஞ்சுகிறவர்கள். போர்ட் மக்கே என்ற இன்னொரு பூர்வகுடி ஊரோ சுரங்கங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது, அந்தச் சமூகமே சுரங்கங்களுக்கு வேலை செய்யும் கம்பனிகளை நடத்துகிறது. இதில் யார் சரி என்று காம்பில் சத்தமாகத் தீர்ப்புச் சொல்லாதே. உன் போர்மன் அந்த ஊர்க்காரனாக இருக்கலாம்.

அக்காவின் நெருப்புக்கு வருகிறேன். 2016 மே 3ஆம் திகதி எண்பதாயிரம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். தெற்கே போக ஒரே நெடுஞ்சாலை, 63. தெற்கே போக முடியாத ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேருக்கு வடக்கே காம்புகள்தான் கதவு திறந்தன. 2,400 வீடு, கட்டடங்கள் எரிந்தன. 2020 ஏப்ரலில் ஆற்றில் பனிக்கட்டி அடைத்து நகர மையத்தில் வெள்ளம், பதின்மூவாயிரம் பேர் வெளியேறினார்கள். ஆகவே காம்பை விட்டு ஊரில் தங்குவதென்றால், நகர மையத்தில் நிலக்கீழ் வீடு வாடகைக்கு எடுக்காதே. வாடகைக்காரர் காப்புறுதி எடு, அதில் வெள்ளமும் அடங்குமா என்று கேள். ஏப்ரலிலிருந்து தாங்கியில் பாதிக்குக் குறைய பெற்றோல் வையாதே. குளிர்காலத்தில் இரவில் எஞ்சின் ஹீட்டரைப் பிளக்கில் போட மறந்தால் காலையில் வேலைக்குப் பிந்துவாய், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு முன் பராமரிப்பு வேலை தந்தவர்களுக்குச் சம்மதம் எழுது. ஒப்பந்தக்காரருக்கும் மரியாதையாக ஒரு மறுப்பு அனுப்பு, நாளை பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் அவர் தேவைப்படலாம். உன் ரெட் சீல் தொழிற்சான்றிதழின் பிரதி இரண்டு கொண்டு வா. ஐதரசன் சல்பைட்டுப் பாதுகாப்பு வகுப்பை எட்மன்டனிலேயே ஒரு நாளில் முடிக்கலாம், நான் பதிந்து வைக்கிறேன். குளிர் பூட்ஸை ரொறன்ரோவில் வாங்காதே, அங்கத்தைய குளிருக்கு அது காணாது. எந்த விமானம் என்று எழுது, எடுக்க வருகிறேன்.

அன்புடன்,
மாமா