எல்லை தாண்டினால் உரிமை மாறுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் எங்கள் சொந்த ஊர். பெங்களூருவில் தனியார் நிறுவனத்தில் வேலை. குடும்பத்தோடு வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. நாங்கள் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஓட்டும் ரேஷன் கார்டும் இன்னும் ஊரில்தான். மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், இங்கே உங்களுக்கு எஸ்.சி. சலுகை கிடையாது" என்கிறார்கள். ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறதே? தெருவில் சின்னத் தகராறு வந்தாலும், "கன்னடம் தெரியாதவனுக்கு இங்கே என்ன உரிமை?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். இந்தியக் குடிமகனுக்கு நாடு முழுக்க ஒரே உரிமைதானே? நான் இப்போது எந்த மாநிலத்தின் குடிமகன்?
- வாசகர், பெங்களூரு

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாநிலக் குடியுரிமை என்று ஒன்று நம் நாட்டில் கிடையாது. தருமபுரியில் இருந்தபோதும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான், பெங்களூருவிலும் அதேதான். அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. 1868இல் வந்த 14ஆவது திருத்தத்தின்படி அங்கே ஒருவர் நாட்டுக்கும், தாம் வசிக்கும் மாநிலத்துக்கும் சேர்த்தே குடிமகன். நம் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் கூட்டாட்சியை ஏற்றார்கள், இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. ஜம்மு காஷ்மீரில் மட்டும் 'நிரந்தர வசிப்பாளர்' என்ற தனித் தகுதி இருந்தது. அதுவும் 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது.

ஆனால் 'நாடு முழுக்க ஒரே உரிமைதானே' என்பதற்கு 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. உங்களோடு பெட்டி படுக்கை போலக் கூடவே வரும் உரிமைகள் உண்டு. வசிக்கும் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியவை உண்டு. சொந்த மாநிலத்திலேயே தங்கிவிடுபவையும் உண்டு. எது எந்த வகை என்று தெரியாததால்தான் பலர் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கிடைக்காததற்கு அலைகிறார்கள்.

கூடவே வருபவை

பிரிவு 19 இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் செல்லவும், அங்கே குடியிருக்கவும், தொழில் செய்யவும் உங்களுக்கு உரிமை தருகிறது. பொதுநலன் கருதியும் பழங்குடியினரின் நலன் கருதியும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம், மணிப்பூர் மாநிலங்களுக்குள் வெளியார் நுழைய 'இன்னர் லைன் பெர்மிட்' தேவைப்படுவது அதனால்தான். பெங்களூருவுக்கு அப்படி எதுவும் இல்லை. "உங்கள் மாநிலத்துக்குப் போ" என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது.

அரசு வேலையில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காட்டி மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 16. வசிப்பிடத்தைத் தகுதியாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் மட்டுமே இயற்றலாம். மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அரசமைப்புச் சட்டமே செய்துகொண்ட விதிவிலக்குகள் உண்டு. கலபுரகி, ராய்ச்சூர் உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்காக 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த பிரிவு 371-ஜே அவற்றில் ஒன்று. மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு விஷயம். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகளிலும் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும் அல்லவா?

தனியார் வேலையைப் பற்றியும் கவலை இருக்கலாம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய்க்குட்பட்ட தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய அரியானா சட்டத்தை, 2023 நவம்பரில் பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் இதுபோன்ற மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

ஓட்டு, நீங்கள் 'வழக்கமாக வசிக்கும்' தொகுதியில் இருக்க வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டுமே அங்கே வசிப்பவராகிவிட மாட்டீர்கள் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. படிவம் 8 கொடுத்தால் பெயர் பெங்களூருவுக்கு மாறும். 'அங்கும் இருக்கட்டும், இங்கும் இருக்கட்டும்' என்று நினைக்காதீர்கள். இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

ரேஷனில், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டப்படி தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியத்தை மட்டும் பெங்களூருவிலும் வாங்கலாம். அதற்கு உங்கள் கார்டு முன்னுரிமைக் குடும்பம் அல்லது அந்தியோதயா வகையாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தன் பணத்தில் தரும் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டி வராது.

ஊரிலேயே தங்கிவிடுபவை

உங்களை அதிகம் வருத்தியிருப்பது சாதிச் சான்றிதழ்தான். பிரிவு 341, பட்டியல் சாதிகளை 'அந்தந்த மாநிலம் தொடர்பாக' அறிவிக்கச் சொல்கிறது. ஆந்திரத்திலிருந்து வேலைக்காக மும்பை சென்ற ஒருவரின் மகன், மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்ட வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் ஒரு சமூகம் பட்ட இன்னலைப் பார்த்து அங்கே தந்த சலுகையை இன்னொரு மாநிலத்தில் கோர முடியாது என்பது அதன் சாரம். இரு பட்டியல்களிலும் ஒரே பெயர் இருந்தாலும் இதுதான் நிலை என்று 1994இல் சொல்லப்பட்டது. 2018இலும் அது உறுதியானது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி பட்டியல் சாதிகள் ஆணை வெளியானபோது குடும்பம் எங்கே வசித்தது என்பதுதான் கணக்கு. கோலார் தங்கவயலில் அதற்கு முன்பே வேரூன்றிய ஆதிதிராவிடக் குடும்பத்துக்குக் கர்நாடகத்தில் சலுகை உண்டு, உங்களுக்கு இல்லை.

உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் பங்கு குறையக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாடகை வீடு கேட்கும்போது சாதியை விசாரிக்கிறவர், நீங்கள் எந்த மாநிலத்துப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. என் பார்வையில் இந்த முரண் நீதிமன்றம் தீர்க்கக் கூடியதல்ல. நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

எஸ்.சி. என்ற தகுதியையே இழந்துவிட்டதாக மட்டும் நினைக்காதீர்கள். மத்திய அரசு வேலை, ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அரசு மருத்துவக் கல்லூரிகளின் அகில இந்திய ஒதுக்கீடு ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். தீண்டாமைக்கு எதிரான பிரிவு 17 எங்கும் பொருந்தும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு முடிந்துவிடாது என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. தேர்தலில் நிற்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மக்களவையின் தனித் தொகுதியில் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினரும் போட்டியிடலாம். சட்டமன்றத்தின் தனித் தொகுதி என்றால் அந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும்.

மகளின் படிப்பு

கல்வி பற்றிய பிரிவு 15இல் 'பிறந்த இடம்' இருக்கிறது, 'வசிப்பிடம்' இல்லை. இந்த இடைவெளி வழியாகத்தான் மாநில ஒதுக்கீடு வந்தது. இந்தூர் மருத்துவக் கல்லூரி வெளி மாநிலத்தாரிடம் தனிக் கட்டணம் வாங்கியதை 1955இலேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1984இல் எம்.பி.பி.எஸ். இடங்களில் ஓரளவுக்கு மட்டும் வசிப்பிட ஒதுக்கீடு இருக்கலாம் என்றது. மருத்துவ மேற்படிப்பில் அது கூடவே கூடாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

உங்கள் மகளுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கர்நாடக ஒதுக்கீட்டில், அங்கே படித்த ஆண்டுகளின் கணக்கைப் பார்ப்பார்கள். கணக்கு சரியாக இருந்தாலும் பொதுப் பிரிவில்தான் போட்டி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும்; அங்கே எஸ்.சி. இடஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டில் சேர முடியாது; அதற்கு ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இரண்டு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் உள்ளூர்வாசி என்று கோராதீர்கள்.

கடமை என்றால்?

தெருவில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1976இல் 42ஆவது திருத்தம் பத்து அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது. 2002இல் பதினொன்றாவது வந்தது. அவற்றில் மாநில மொழி கற்கும் கடமை என்று எதுவும் இல்லை. பள்ளியில் கன்னடத்தை ஒரு பாடமாகப் படிக்கச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, மகள் படிக்கட்டும். நீங்களும் கற்றுக்கொண்டால் நல்லது. அது பண்பு, நீங்கள் அங்கே வாழ்வதற்கான நிபந்தனை ஆகாது. உரிமைகள் கடமைகளுக்குக் கிடைக்கும் கூலி அல்ல. தேசிய கீதத்தை மதிப்பது கடமைதான். ஆனால் கேரளத்தில் அதற்கு எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் மட்டும் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

மதம், மொழி, வட்டாரம் கடந்து சகோதரத்துவத்தை வளர்ப்பதும் அந்தக் கடமைகளில் ஒன்று. உங்களை அதட்டியவருக்கும் அது பொருந்தும். திருப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் பீகார் தொழிலாளியை 'வடக்கன்' என்று ஏசும் நம்மவருக்கும் அது பொருந்தும். பெங்களூருவில் நீங்கள் கேட்பது உரிமை என்றால், அவர் கேட்பதும் அதே உரிமைதான்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். தருமபுரி வட்டாட்சியர் அலுவலகத்தில் மகளுக்குச் சாதிச் சான்றிதழும் நேட்டிவிட்டி சான்றிதழும் வாங்குங்கள். பெங்களூருவில் அவள் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பள்ளிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டை மாற்றுங்கள். உங்கள் தெருவின் சாலையையும் குடிநீரையும் தீர்மானிப்பவர்களை நீங்களும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரின் குறையைக் கேட்க எந்த வேட்பாளரும் வீடு தேடி வருவதில்லை.